பித்தளைக் கோடு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். அம்மா ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில், இடுப்புக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மருமகன், பல் செட் செய்கிறவர், தரையில் சப்பணமிட்டு, மடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அதில் கார்புரேட்டரைக் குடல் வேறு எலும்பு வேறாகப் பிரித்துப் போட்டிருந்தார். எதிர்வீட்டு வெல்டர் வாசற்படியில், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. பட்டறையைத் திறந்து போட்டுவிட்டு வந்ததால் ஒரு கண் தெருவில். மகள், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல். நடுவில், பழைய போர்வை விரித்த தரையில், டேங்க்கும் சீட்டும் பின் மட்கார்டும் கழற்றப்பட்டு, மொட்டையடித்த பிள்ளை மாதிரி அப்பாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஐந்தாவது ஆள் அண்ணன். அவன் ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இருந்தான்.

அதாவது, அவன் குரல் இருந்தது. கண்ணாடி கழன்ற ஹெட்லைட் கிண்ணத்துக்குள் போனைப் போட்டால் ஊருக்கே கேட்கும் என்று கண்டுபிடித்தவர் மருமகன்தான்.

"பச்சைடி. இலைப் பச்சை. நான் ஸ்கூலுக்கு அதுலதானே போனேன்? எனக்குத் தெரியாதா?" என்றது கிண்ணம்.

"அரக்கு அண்ணா. நான் டேங்க் மேல உக்காந்து போயிருக்கேன். என் வெள்ளை யூனிஃபார்ம்லகூட அரக்கு ஒட்டியிருக்கு, அம்மாவைக் கேளு."

"அது அப்புறம் அடிச்ச பெயிண்டு, லேபிள். ஒரிஜினல் பச்சை."

லேபிள் என்பது அண்ணன் வைத்த பெயர். பென்சில், ரப்பர், தலையணை என்று எதை எடுத்தாலும் பெயர் எழுதி ஒட்டிய தங்கையை வேறு என்னவென்று கூப்பிடுவான்? அவளும் பெயருக்கு ஏற்றபடி வளர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் கூடத்தில் சீசாக்களுக்குச் சீட்டு ஒட்டும் உதவியாளராகவே போய்ச் சேர்ந்தாள். இப்போது சமையலறை அலமாரியில் பாதி, போல்ட்டும் நட்டும் போட்ட ஜாடிகள். 'முன்சக்கரம், இடப்பக்கம்.' 'சைலன்சர், மேல்.' 'எதுவென்று தெரியாதது.' கடைசி ஜாடிதான் நாளுக்கு நாள் நிரம்பிக்கொண்டிருந்தது.

"நான் ஏறி வந்தப்ப கறுப்பு" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் மருமகன் வாயை விட்டார். ஊசித்துளை உள்ள ஒரு சின்ன ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி, வெல்டரிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "கலர் கிடக்கட்டும் தம்பி. சீட்டை இறக்கணும்னா மட்கார்டை அறுத்துத்தானே ஆகணும்?"

கிண்ணம் வாங்குகிற சத்தத்தையும் பெரிதாக்கித்தான் அனுப்பும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

"என்னது? எதை அறுக்கறீங்க?"

வெல்டர் தன் பட்டறையில் யாரோ வந்துவிட்ட மாதிரி எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"அண்ணா, அம்மாவுக்கு ஏற முடியல. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் காலைத் தூக்கி..."

"லேபிள், நான் சொல்றதக் கேளு. அந்த வண்டியை அப்பா எனக்குன்னு எழுதி வச்சாரு. ரிப்பேர் பண்ணு, வேணாங்கல. ஆனா அப்பா விட்ட மாதிரியே இருக்கணும். அந்த மட்கார்டு இனிமே எங்கயும் கிடைக்காது. அதுல கத்தி வச்சீன்னா எனக்கு வண்டியே வேணாம். நீயே வச்சுக்க. நான் வந்து பாக்கவும் மாட்டேன்."

போன் அணைந்தது. அண்ணன் எப்போதும் அப்படித்தான். பேச்சில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் வைத்துவிடுவான். அதனால்தான் அந்த வீட்டில் முக்கியமான சங்கதி எல்லாம் கடிதத்தில் போகும். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

"நல்லா இருக்கு போங்க" என்றாள் லேபிள் கணவனிடம். "பல்லு செய்யறவருக்கு வாயை எப்ப மூடணும்னு தெரியல."

"அத்தைக்காகத்தானே சொன்னேன்..."

"விடுங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா. "நான் என்ன ஊர்கோலமா போகப்போறேன்? அவன் கேட்ட மாதிரியே செஞ்சு குடுத்துடுங்க. எனக்கு ஆட்டோ இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை லேபிள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தாள்.

வண்டியைக் கொல்லைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி வந்த அன்று. தூசியைக்கூடத் துடைக்கவில்லை, அதற்குள் அம்மா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். பின் சீட்டின் ஸ்பிரிங்கைத் தொட்டாள். இடது கையால் சீட்டைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, எத்தனையோ வருஷம் ஏறிய பழக்கத்தில் ஒரு எம்பு எம்பினாள். உடம்பு எழவில்லை. இன்னொரு தடவை. 'சரிதான், கிழவிக்கு ஆசையைப் பாரு' என்று சிரித்துவிட்டு உள்ளே போனவள், மத்தியானம் வரை அறையிலிருந்து வெளியே வரவில்லை.

இந்த வண்டியைப் பிரித்ததே அந்த மத்தியானத்துக்காகத்தான். அம்மாவை ஒரு தடவை பின்னால் உட்கார வைத்துக் கடைத்தெரு வரை போய் வர வேண்டும். இதை லேபிள் யாரிடமும் சொல்லவில்லை. எந்த ஜாடியிலும் எழுதி ஒட்டவும் இல்லை.

அப்பா பஸ்களுக்குக் கூண்டு கட்டும் ஒரு பட்டறையில் பெயிண்டர். மாலை ஆறு மணிக்குத் தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் திரும்பும். டப் டப் என்று நிதானமாக வரும். வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போது ஒரு தும்மல் போடும். தும்மல் கேட்டால் அண்ணன் புத்தகத்தைத் திறப்பான், அம்மா அடுப்பில் தண்ணீர் வைப்பாள். லேபிள் ஓடிப்போய் டேங்க்கின் மேல் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்து வாசல் வரை வருவாள். தகரம் சூடாக இருக்கும். அப்பாவின் சட்டையில் தின்னர் வாசம் அடிக்கும். இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் யாராவது தின்னர் சீசாவைத் திறந்தால் அவள் ஒரு நொடி கதவைத் திரும்பிப் பார்ப்பாள்.

மறுநாள் பச்சையா அரக்கா என்ற வழக்கைத் தீர்க்கக் கிளம்பியவர் மருமகன். முந்தைய நாள் வாயால் கெடுத்ததைக் கையால் சரிசெய்யப் பார்த்தார். பல் செட்டில் மெழுகு சுரண்டும் சின்னக் கத்தியை எடுத்துவந்து, டேங்க்கைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஒரு காசு அகலத்துக்குச் சுரண்ட ஆரம்பித்தார். முதலில் அரக்கு வந்தது.

"பாத்தீங்களா!" என்றாள் லேபிள்.

அதன் கீழே பச்சை.

"உங்கண்ணனும் சரிதான்" என்றார்.

பச்சைக்குக் கீழே ஒரு வெளிர் நீலம். அதன் கீழே பாலாடை நிறம். இவை இரண்டையும் இரண்டு பிள்ளைகளும் பார்த்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே, தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, கறுப்பு.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "எந்த பஸ்ஸுக்கு அடிச்ச பெயிண்டு மிஞ்சுதோ அது இதுக்கு வந்துடும். வீணாக்கக் கூடாதாம். இந்த நீலம் வந்தப்ப நான் ஒரு மாசம் இதுல ஏற மாட்டேன்னுட்டேன். பாத்ரூம் சுவரு மாதிரி இருந்துச்சு."

மட்கார்டில் லேபிளே வேலை பார்த்தாள். எந்த நிறம் அடித்தாலும் பழையதை எடுத்துத்தானே ஆக வேண்டும். கையுறை மாட்டி, பெயிண்ட் ரிமூவரைத் தடவி, காத்திருந்து, தோல் மாதிரி சுருண்டு வந்ததை வழித்தாள். அரக்கு, பச்சை, நீலம் எல்லாம் ஒரே சேறாகக் காகிதத்தில் விழுந்தன. பச்சையில் மட்டும் ஒரு சில்லு, நகம் அளவு, உடையாமல் தனியாக வந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு உப்புத்தாளால் தேய்த்தாள்.

சாம்பல் நிறத் தகரத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது.

துரு என்று நினைத்தாள். தேய்க்கத் தேய்க்க அது பளபளத்தது. சீட் தாங்கி உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, விரல் அகலத்தில் பித்தளை.

வெல்டரைக் கூப்பிட்டாள். அவர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நகத்தால் கோட்டைத் தடவினார்.

"அறுத்து ஒட்டியிருக்காங்கக்கா. பித்தளை உருக்கி ஊத்தியிருக்கு. கை சுத்தமான கை. தடவினாக்கூடத் தெரியல பாருங்க."

"அம்மா, இது எப்ப அடிபட்டுச்சு?"

அம்மா தடியை ஊன்றி வந்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்ட மாதிரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிபடலடி. உங்கப்பாவே அறுத்தாரு."

"அப்பாவா?"

"உங்கண்ணன் வயித்துல இருந்தான். எனக்கு வயிறு இவ்ளோ பெருசு. ஏற முடியல. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போறேன்னேன். அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு எடுத்துட்டுப் போனாரு. சாயங்காலம் திரும்பி வந்தா சீட்டு நாலு விரக்கடை கீழ இருக்கு. பாக்க உக்காந்த எருமை மாதிரி இருந்துச்சு. பட்டறையில எல்லாரும் சிரிச்சாங்களாம். இவரு 'என் பொண்டாட்டி ஏறணும், உங்களுக்கென்ன'ன்னு சொல்லிட்டு வந்துட்டாராம்."

"அப்புறம் எப்ப மாத்தினாரு?"

"அவன் நடக்க ஆரம்பிச்சதும். நான்தான் பழையபடி மாத்துங்கன்னேன். உசரமா உக்காந்து வந்தாத்தான் தெருவுல நாலு பேருக்குத் தெரியும், இல்லையா?"

வெல்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "பெரியம்மா, நீங்க லேசுப்பட்ட ஆளில்ல!"

"இத ஏம்மா நேத்து சொல்லல?" என்றாள் லேபிள்.

"நீங்க ரெண்டு பேரும் பச்சை, அரக்குன்னு கத்திக்கிட்டு இருக்கீங்க. நடுவுல யாரு பூந்து பேசறது? நான் கறுப்புன்னு சொன்னேன், அதுவே காதுல விழல."

லேபிள் மட்கார்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள். அப்பா விட்ட மாதிரியே இருக்க வேண்டும் என்றால் எந்த மாதிரி? அரக்கு அப்பாவா, பச்சை அப்பாவா, உட்கார்ந்த எருமை அப்பாவா? பித்தளைக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"தம்பி, இந்தக் கோட்டு மேலயே அறுங்க."

"அக்கா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை... அறுத்துட்டா அறுத்ததுதான். அவரு வரமாட்டேன்னுட்டா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"வரலைன்னா அது என் தலையோட போகட்டும். நீங்க அறுங்க."

வெல்டர் முகமூடியை இறக்குவதற்கு முன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய கோடு நூல் பிடித்த மாதிரி வழி காட்டியது. அதே நாலு விரற்கடை. தாங்கியைக் கீழே இறக்கி, சக்கரம் உரசாமல் பார்த்து, மறுபடி பித்தளையாலேயே ஒட்டினார். முதுகுக்கு ஒரு வளைகம்பியும், காலுக்கு அகலமான ஒரு பலகையும் அவராகவே சேர்த்தார். "இது என் கணக்கு பெரியம்மா, கேக்காதீங்க" என்றார்.

வண்டிக்குக் கறுப்பு அடித்தார்கள். டேங்க்கின் அடியில் சுரண்டிய இடத்தை மட்டும் அப்படியே விட்டு, மேலே தெளிவான வார்னிஷ் பூசினாள் லேபிள். குனிந்து பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் வட்டமாக அத்தனை நிறமும் இருக்கும்.

கிளப்புவதற்குத்தான் பாடு. மருமகன் உதைத்தார், வெல்டர் உதைத்தார், தெருவில் போன பால்காரர்கூட இறங்கி வந்து உதைத்துவிட்டுப் போனார். 'எதுவென்று தெரியாதது' ஜாடியிலிருந்த ஒரு வாஷர் கார்புரேட்டருக்குள் போக வேண்டியது என்று மருமகனுக்கு அப்புறம்தான் உறைத்தது. அதைப் போட்டபின் லேபிள் உதைத்தாள். வண்டி ஒரு தும்மல் தும்மியது. அம்மா சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்; பிறகு தானே தலையில் தட்டிக்கொண்டாள்.

"வாம்மா. ஏறு."

அம்மா தடியை மருமகனிடம் கொடுத்தாள். பக்கவாட்டில் திரும்பினாள். எம்பவே வேண்டியிருக்கவில்லை, நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தாள். கால் பலகையைத் தொட்டது. முதுகு கம்பியில் சாய்ந்தது.

"எருமைதான்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதே எருமைதான்."

தெருமுனை திரும்பும்போது லேபிளின் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. மெதுவாகப் போ என்று அர்த்தம். அப்பாவின் தோளில் அது விழுவதை டேங்க்கின் மேலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். தன் தோளில் விழுந்தது இதுதான் முதல் தடவை. லேபிள் மெதுவாகப் போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

'அண்ணா, நலம். முதலில் நீ கோபப்பட வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மட்கார்டை அறுத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் வைத்துவிடுவாய். ஆனால் அதை முதலில் அறுத்தது நான் இல்லை, அப்பா. நீ அம்மா வயிற்றில் இருந்தபோது, உனக்காகத்தான் அறுத்திருக்கிறார். இப்போது அம்மா உட்காருவது அன்றைக்கு நீ வந்த அதே இடம், அதே உயரம். அப்பா விட்ட மாதிரி வேண்டும் என்றாயே, அவர் எதையும் ஒரே மாதிரி விட்டு வைத்ததில்லை, அண்ணா. நிறம் கறுப்பு. நம் இரண்டு பேர் வழக்கும் தள்ளுபடி, அம்மா ஜெயித்தாள். உன் பச்சையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ வந்தால் ஓட்டு. வராவிட்டாலும் வண்டி உன்னுடையதுதான். நான் துடைத்து வைக்கிறேன். தும்மல் போகவில்லை. லேபிள்.'

"நான் ஜெயிச்சேன்னு எழுதினியா?" என்றாள் அம்மா.

"எழுதிட்டேன்."

"சீட்டு சௌகரியமா இருக்குன்னு போடு. உங்கப்பாகிட்ட நான் அப்ப சொல்லவே இல்ல."

லேபிள் கீழே ஒரு வரி சேர்த்தாள். பச்சைச் சில்லை மெல்லிய காகிதத்தில் மடித்து, வழக்கப்படி அதன் மேல் 'டேங்க் இல்லை, மட்கார்டு' என்று எழுதி உள்ளே வைத்தாள். உறையை நாக்கால் ஈரமாக்கி, ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினாள்.

தபால் பெட்டிக்கு வண்டியிலேயே போனார்கள். நிறுத்தினால் மறுபடி கிளப்புவது யார் என்று என்ஜினை ஓடவிட்டபடியே லேபிள் பெட்டியை ஒட்டி நிறுத்தினாள். அம்மாதான் கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தாள், சீட்டு தாழ்வு, பெட்டியின் வாய் உயரம். முதுகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எழுந்து, கையை நீட்டி, உறையை உள்ளே தள்ளினாள். விழுந்ததா என்று கேட்க என்ஜின் சத்தம் விடவில்லை. கையை உள்ளே விட்டு ஒரு துழாவு துழாவிப் பார்த்துவிட்டு, மகளின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.