புரட்டாசியில் ஒரு பீட்டா சோதனை

உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். கண்டெய்னர் யார்டு நடத்தும் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதனை என் வேலை. 2002-ல் எங்களுக்கு ராயபுரத்தில் ஆபீஸ், எண்ணூரில் யார்டு. இங்கே கம்ப்யூட்டரில் தட்டுவது அங்கேயும், அங்கே தட்டுவது இங்கேயும் தானாக விழவேண்டும் என்று ஒரு புது மென்பொருள் வந்தது. இன்னும் விற்பனைக்கு வராத சரக்கு, பீட்டா. 'சோதனைக்கு மட்டும், நிஜ வேலைக்கு வேண்டாம்' என்று தயாரித்தவனே சிடி உறைமேல் அச்சடித்திருந்தான். எங்கள் மேனேஜர் வரதராஜுலுவின் கண்ணில் மட்டும் அது படவில்லை. சரக்கு இலவசம் அல்லவா?

"திங்கக்கிழம லைவ். நீ டெஸ்ட் ஓகேன்னு கையெழுத்துப் போடு, அன்னிக்கே உனக்கு பர்மனென்ட் ஆர்டர்" என்றார்.

ஆசையை மறைப்பானேன், அந்த ஆர்டர் எனக்கு ரொம்பவே வேண்டியிருந்தது. வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் 'வேலை நிரந்தரமா?' என்று கேட்காத வாய் கிடையாது. ஆனால் அந்த மென்பொருள் புளுகியது. சுங்கத்தில் நிறுத்தச் சொன்ன ஒரு கண்டெய்னருக்கு ராயபுரத்தில் நான் 'நிறுத்து' என்று போட்டுப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் அது மறைந்துபோய், யார்டில் அதற்கு முன்பே போட்டிருந்த 'விடு' திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். நிஜத்தில் இப்படி ஒன்று கேட்டைத் தாண்டிப் போனால் யார் தலை உருளும்? கையெழுத்துப் போட்டவள் தலைதான்.

காரணம் தேடி எண்ணூருக்கே போனேன். யார்டு சூப்பர்வைசர் தண்டபாணியின் கம்ப்யூட்டர் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் தள்ளி வச்சேன்" என்றார் பெருமையாக. "பசங்க தெனம் லேட்டா வந்துகினு இருந்தானுங்கோ. இப்ப பாரு, கரீட்டா வந்துடறானுங்கோ."

"சாயங்காலம் வூட்டுக்குப் போறதுக்கும் இதே டைம்தானாண்ணா?"

"அதெப்படி? அதுக்கு என் கை வாட்ச்சு கீதே."

விஷயம் புரிந்துவிட்டது. ஒரே கண்டெய்னரைப் பற்றி இரண்டு இடத்திலும் வேறு வேறாகத் தட்டினால், எது பிந்திய நேரமோ அதையே கடைசிச் சொல்லாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ராயபுரத்தில் மணி பத்து என்றால் எண்ணூரில் பத்து பத்து. அந்தப் பத்து நிமிடத்துக்குள் நாங்கள் திருத்தினாலும் யார்டு சொன்னதே நின்றது.

வரதராஜுலுவிடம் வந்து சொன்னேன்.

"அவ்ளோதானா? கடியாரத்தத் திருப்பி வைக்கச் சொல்லு."

"இன்னிக்குத் திருப்புவாரு சார். நாளைக்குப் பசங்க லேட்டா வந்தா மறுபடி தள்ளுவாரு. மணியப் பாத்துத் தீர்ப்பு சொல்ற சாஃப்ட்வேர நம்ப முடியுமா?"

"பீட்டான்னா சின்னச் சின்ன பேஜாரு இருக்கத்தான் செய்யும். கையெழுத்துப் போடும்மா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மனுஷனுக்குக் கண்டெய்னர் போனால் உறைக்காது, சோறு போனால்தான் உறைக்கும் என்று தோன்றியது.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வரதராஜுலு நெற்றி நிறைய நாமத்தோடு வருவார். அந்த மாதம் முழுக்க முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார், தொடுகிறவர்களையும் சும்மா விடமாட்டார். நாங்கள் பௌத்தர்கள். எங்கள் வீட்டில் புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் குழம்பு மாறாது.

"சார், கடைசியா ஒரே ஒரு டெஸ்ட். மதியச் சாப்பாட்டு ஆர்டர இதுலயே போட்டுப் பாக்கலாம்" என்றேன். சாப்பாடு என்றதும் சம்மதித்துவிட்டார்.

யார்டு வாசலில் மெஸ் நடத்தும் கோவிந்தம்மா எண்ணூர் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பார்த்துச் சாப்பாடு கட்டுவார், எங்களுக்கு வேனில் வரும் என்று ஏற்பாடு. முதலில் தண்டபாணி எல்லோர் பெயருக்கும் அன்றைய ஸ்பெஷலான வஞ்சிரம் வறுவலைத் தட்டிவிட வேண்டும். வேண்டாதவர்கள் மாற்றிக்கொள்ளலாம். அவர் தட்டி முடித்துப் போன் செய்ததுமே நான் மேனேஜரைப் பிடித்து உட்காரவைத்தேன். 'சாம்பார் சாதம், அப்பளம்' என்று தன் கையாலேயே மாற்றினார். திரையும் சாம்பார் என்றே காட்டியது. அவர் எழுந்து போன கொஞ்ச நேரத்தில் சாம்பார் மறைந்து வஞ்சிரம் வந்தது. நான் வாயே திறக்கவில்லை.

மதியம் டிபன் கேரியர் அவர் அறைக்குள் போனது, கதவு சாத்திக்கொண்டது. இதோ கத்தப்போகிறார் என்று வெளியே காத்து நின்றேன். சத்தமே இல்லை. பொறுமை போய்க் கதவைத் தட்டி உள்ளே நுழைந்தேன். வரதராஜுலு மூலையில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அப்படியும் மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த வாசனை அறையை விட்டுப் போகவில்லை.

"சார், சாப்பாடு ஏதாவது மாறி வந்துச்சா?"

"இல்லியே. சாம்பார்தான் வந்துது. டெஸ்ட் பாஸு. கையெழுத்துப் போடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் மீனை மறைத்தார், அதோடு என் ஆதாரத்தையும் தின்று தீர்த்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சரி சார், எழுதிடறேன். ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு கம்ப்யூட்டர்லயும் உங்க பேருக்கு நேரா வஞ்சிரம்னுதான் இருக்கு. சாஃப்ட்வேர் சரின்னா, புரட்டாசிச் சனிக்கிழம நீங்களே மீன் கேட்டீங்கன்னு ஆகுது. தப்புன்னா, நீங்க கேட்ட சாம்பார அது மாத்திடுச்சுன்னு ஆகுது. ரிப்போர்ட்டு முதலாளிக்குப் போவுது. எப்படி எழுதட்டும்?"

தேள் கொட்டிய திருடன் எப்படி முழிப்பான் என்று அன்றைக்குப் பார்த்தேன். நாமம் வியர்வையில் கரைய ஆரம்பித்தது.

"சாஃப்ட்வேர் தப்புன்னே எழுது" என்றார் கடைசியில். "லைவ் வேணாம்."

"அப்ப என் ஆர்டர்?"

"அதான் லைவ் போவலியே..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி சரி. திங்கக்கிழம கையில வாங்கிக்க."

கால் தரையில் பாவவில்லை எனக்கு. கதவருகே வந்துவிட்டேன்.

"கார்குழலி" என்று கூப்பிட்டார். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது. "புரட்டாசில இன்னும் ரெண்டு சனிக்கிழம பாக்கி கீது. அந்த ரெண்டு வாரமும் இதே டெஸ்ட்டப் போட்டுப் பாத்துடலாம். தண்டபாணிய அதுவரைக்கும் கடியாரத்துல கை வைக்க வேணாம்னு சொல்லு."