பிரித்துப் போட்ட இறக்கை

எங்கள் கிளைடர் கிளப்பை ஆரம்பித்தவர்கள் மூன்று பேர் என்பார்கள்: ஒரு பல் டாக்டர், ஒரு லாரி மெக்கானிக், என் அப்பா. அப்பாவுக்கு மர வேலை. கட்டில், மேஜை, அலமாரி செய்வார். நாலாவதாக ஒருவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. அது அப்பாவின் தங்கை, என் அத்தை. நடந்தபோது நான் பிறக்கவேயில்லை. அப்பாவும் அத்தையும் எதையும் ஒரே மாதிரி சொல்கிறவர்கள் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவர் சொன்னதும் அச்சு மாறாமல் ஒத்துப்போகிறது. அதனால் துணிந்து எழுதுகிறேன்.

பல் டாக்டர் வெளியூரில் படித்த காலத்தில் கிளைடர் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கியிருந்தார். எஞ்சின் இல்லாத விமானம் அது. நீளமான கம்பியில் கட்டி, தரையில் நிற்கும் ஒரு வின்ச் சரசரவென்று சுற்றி இழுத்தால் பட்டம் மாதிரி மேலே ஏறும். உச்சியில் கம்பியைக் கழற்றிவிட்டு, பிறகு காற்றை நம்பி மிதக்க வேண்டியதுதான். ஒருநாள் பல் பிடுங்க வந்த அப்பாவிடம், வாயில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, இதை அரைமணி நேரம் சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேச முடியாத நிலையில் இருந்ததால்தான் சம்மதித்தேன் என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வரைபடம் வரவழைத்தார். மெக்கானிக் ஒரு பழைய லாரி எஞ்சினை வின்ச்சாக மாற்றினார். இரண்டு பேர் உட்காரும் கிளைடரை அப்பா தன் பட்டறையின் பின்கட்டில், சோபாச் சட்டங்களை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷம் இழைத்தார். ஒவ்வொரு இறக்கையிலும் இருபத்திரண்டு விலாக்கட்டைகள். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குச்சிகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்தவை. அதன்மேல் துணி போர்த்தி, ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைத்து, மேலே பூச்சு பூச வேண்டும். தைக்க அத்தையைக் கூப்பிட்டார்கள். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருந்தார் அத்தை. முழ நீள ஊசியைக் கண்டு அசராத கை.

முதல் இறக்கையை ஒன்பது நாளில் தைத்து முடித்தார். பூச்சு பூசுவதுதான் பாக்கி. அதற்குள் டாக்டர் நாள் குறித்துவிட்டார். சோதனை அதிகாரி வருகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார், அதற்கு இன்னும் பதினைந்து நாள்.

இரண்டாவது இறக்கையில் ஏழாவது விலாவுக்கு வந்தபோது, முடிச்சுப் போட நூலை இறுக்கிய அத்தையின் விரலில் மெல்லிய அதிர்வு ஒன்று பட்டது. மறுபடி இறுக்கினார். கட்டை மயிரிழை அளவு நகர்ந்து திரும்பியது. ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

அப்பா வந்து பார்த்துவிட்டு, துணி இழுக்கும்போது கட்டை கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் செய்யும், பேசாமல் தை என்றார். டாக்டரும் நாள் நெருங்குவதை நினைவுபடுத்தினார். அத்தை ஊசியைத் தொடவில்லை.

"எனக்கே தச்சு வேலை சொல்லித் தர்றியா?" என்றார் அப்பா.

"தச்சு வேலை எனக்குத் தெரியாதுண்ணா. நூலை இழுத்தா அசையுது. அசையுற கட்டை மேல துணியப் போட்டு மூட மாட்டேன். யாராவது ஏறி உக்காரப் போற பொருள் இது."

சொல்லிவிட்டு அத்தை செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முதல் இறக்கைக்குப் போனார். ஒன்பது நாள் தையல். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போனார். டாக்டர் தடுக்க வாய் திறந்தார். கத்தரிக்கோலின் வேகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். துணியை விலக்கி, ஒவ்வொரு விலாவையும் விரலால் அழுத்திப் பார்த்து, அசைந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். இரண்டு இறக்கையிலுமாகப் பதினான்கு கோடுகள்.

அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். எட்டு நாள் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர், மெக்கானிக் இருவர் முன்னாலும் தங்கை தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்ற கோபம். அம்மா சமாதானம் பேசப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டாள். அத்தையும் இறங்கி வரவில்லை. தன் கடையில் உட்கார்ந்து தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த எட்டு நாளும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் காலையில் அப்பா தனியாகப் பட்டறையைத் திறந்தார். முதல் கோடு போட்ட விலாவை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது. ஒட்டிய இடத்தில் பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம்: தொடர்ந்து மழை பெய்த அந்த மாதத்தில், ஒட்டிய கட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் போதாமல், பசை காய்வதற்கு முன்பே இரண்டு மணி நேரத்தில் கழற்றி அடுத்ததற்கு மாட்டியிருக்கிறார்.

உடைந்த கட்டையோடு நேராக அத்தையின் கடைக்குப் போய், கிளாம்பைச் சீக்கிரம் கழற்றிய கதையைச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் அப்பாவின் வாயில் வராது.

"புதுசா எத்தனை மீட்டர் துணி வேணும்?" என்று கேட்டார்.

அத்தை தலைநிமிராமல், "அது கிடக்கட்டும். எத்தனை கிளாம்பு வேணும், அதச் சொல்லு முதல்ல" என்றார்.

அன்று மாலைக்குள் சுற்றுவட்டாரத்தில் இருந்த மரப் பட்டறைகளை எல்லாம் இருவரும் சேர்ந்து சல்லடை போட்டு, அறுபத்து மூன்று கிளாம்புகளை இரவல் வாங்கிவிட்டார்கள். டாக்டரும் தானே போன் செய்து அதிகாரியின் வருகையைத் தள்ளிவைத்தார். பதினான்கோடு நிற்காமல், எல்லா விலாக்களையும் அப்பா பிரித்துத் திரும்ப ஒட்டினார். ஐந்து மாதம் பிடித்தது. ஒவ்வொன்றையும் அத்தை இழுத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகே அப்பா அடுத்ததற்குப் போனார்.

பறக்கும் நாளன்று, முதலில் டாக்டர் பின்சீட்டில் மணல் மூட்டையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பறந்து இறங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது முறைக்கு மணல் மூட்டையை இறக்கிவிட்டு, தன்னை ஏற்றிக்கொள்ளச் சொன்னார் அத்தை. பயமில்லையா என்று டாக்டர் கேட்டதற்கு, "அந்த மூட்டைக்குக் காது கிடையாது. எந்தத் தையல் முனகுதுன்னு எனக்குக் கேக்கும்" என்றாராம்.

கிளைடர் கிளம்பும்போது இறக்கை தரையில் இடிக்காமல் ஒருவர் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். அப்பா ஓடினார். வேகம் கூடி, இறக்கை கையை விட்டுப் போன பிறகும், காலியான கையைத் தூக்கியபடியே இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறார். பிறகு நின்று, அது ஏறுவதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நிமிஷம்.

புல்லில் சறுக்கி வந்து கிளைடர் நின்றதும் முதலில் ஓடிப்போனது அப்பாதான்.

"ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"காத்துச் சத்தம்தான்," என்றார் அத்தை. "வேற ஒண்ணுமில்லை. நீ நல்லா செஞ்சிருக்கே, அண்ணா."

அப்பா கை கொடுத்து அத்தையை இறக்கிவிட்டார்.

கட்டியவரைத் தவிர வேறொருவர் கை வைத்துப் பார்க்காமல் எந்த இறக்கையையும் மூடக்கூடாது என்பது அந்த மாதமே கிளப்பின் முதல் விதி ஆனது. அந்தக் கிளைடர் இருபத்தாறு வருஷம் பறந்தது. அதில் கற்றுக்கொண்டவர்கள் முந்நூறு பேருக்கு மேல். ஒருவருக்கும் அதனால் ஒரு கீறல் விழுந்ததில்லை. அத்தையும் அதிலேயே கற்று, நாற்பத்தாறாவது வயதில் தனியாகப் பறந்தார். அன்று அவர் இறங்கியதும் டாக்டர் பூங்கொத்தோடு காத்திருந்தார். அத்தை அதை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஒரு லாரிக்காரர் தார்ப்பாய்க்கு வருகிறார் என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.