பதினோரு நாள் விடுப்பும் ஒரு காலிக் கட்டமும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. ஒருமுறை அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்புக் கேட்டபோது, படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் வயிற்றுவலி என்று எழுதினேன். வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. பொய் எழுதாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விடும் துணிச்சல்காரி ஒருத்தியைப் படைத்தால் என்ன என்று அன்றைக்கே தோன்றியது.

முதல் தொடக்கம்: 'மழை விட்டிருந்த ஒரு காலையில், நீதிமன்றப் படிகளில் அவள்...'

(வேண்டாம். மழையை விட்டால் எழுத்தாளனுக்கு வேறு கதி இல்லை போலிருக்கிறது.)

2.

அவள் அரசு அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவதால் எல்லாருக்கும் கண்ணாடியக்கா. அச்சான தாளை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இவள் மூலப் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். கால்புள்ளி, அரைப்புள்ளிகூட வாய்விட்டுத்தான். நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை அப்படி நான்கு பதிப்புகளுக்குப் பார்த்திருக்கிறாள்.

அவள் பதினோரு நாள் விடுப்பெடுத்துவிட்டு வந்தாள். புதிதாக வந்திருந்த மேலாளர் அவளுடைய விடுப்புப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"என்னம்மா இது, காரணம் எழுதல?"

"சொந்த விஷயம் சார்."

"சொந்த விஷயம்னா? உடம்பா, வீடா? ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தா வைங்க."

"லீவு எனக்குச் சேர வேண்டியதுதான் சார். காரணம் என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் பிடிவாதக்காரர், இவள் அவருக்கு மேல். பணியிடை நீக்கம் செய்தார்கள். வழக்குப் போட்டாள். தோற்றால் பதினெட்டு வருட வேலை போய்விடும். காரணத்தைச் சொன்னால் அன்றைக்கே திரும்பக் கிடைக்கும்.

(இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு வரி எழுதித் தொலைத்தால் முடிகிற விஷயத்துக்கு இத்தனை வீம்பா? 'கடைசியில் அவள் மனம் இளகி, மேலாளரிடம்...' என்று எழுதினேன். அடித்தேன். என் பயத்தை அவள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.)

3.

அரசு வக்கீல் கெட்டிக்காரர். கூண்டில் நின்றவளிடம் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தையே நீட்டினார்.

"இதுக்கு மெய்ப்புப் பார்த்தது நீங்கதானே?"

"ஆமாங்க. நாலு தடவை."

"அந்தரங்க உரிமைன்னு இதுல எங்கேயாவது இருக்கா?"

"இல்லைங்க."

வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை.

"மூச்சு விடலாம்னும் இதுல எழுதலைங்க. நாலு தடவையும் மூச்சு விட்டுக்கிட்டேதான் படிச்சேன். உயிர்னு இருக்கு, சுதந்திரம்னு இருக்கு. அதுக்குள்ள என்னென்ன அடங்கும்னு பட்டியல் போட்டா எந்த பைண்டராலயும் தைக்க முடியாதுங்க."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவள் பக்கம்தான் நியாயம் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. விருந்தாளி பீரோவைத் திறக்கக் கூடாது என்று யாரும் சுவரில் எழுதி ஒட்டுவதில்லை. எழுதவில்லையே என்று திறக்கிறவரை மறுமுறை வீட்டுக்குள் விடுவதுமில்லை.

4.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் ஜெயிக்கிறாள், மற்றதில் தோற்கிறாள். இரண்டிலும் கடைசிப் பத்தியில், அந்தப் பதினோரு நாள் என்ன நடந்தது என்று விலாவாரியாகச் சொல்லியிருந்தேன். படித்தால் கண் கலங்கும். பெருமையோடு தங்கையிடம் நீட்டினேன்.

"ஏண்ணே, கோர்ட்டு வரைக்கும் போயும் அவ வாயத் திறக்கல. நீ நோகாம இங்க போட்டு உடைச்சிட்ட?"

"படிக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"அந்த மேலாளரும் அதைத்தானே கேட்டாரு."

வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு முடிவுகளையும் கிழித்துப் போட்டேன்.

5.

ஆகவே வாசகரே, தீர்ப்பை நீங்கள் எழுதுங்கள். அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்களா? அவள் எதிரே நிற்கிறாள். அவளிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்?