வீட்டுக்கு வழி சொல்லுங்க

அந்தப் போனில் கேள்வி கேட்பது என் குரல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டைக்கு இறங்கியபோது என் கையில் இருந்த ஒரே பிடி அதுதான்.

கொழும்பில் ஒரு ஆய்வுக் குழு, மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஒரு செயலி செய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். வீட்டில் இருந்தபடி போனுக்குப் பதில் சொன்னால் போதும். மறதி தெரிந்தால் செயலி சிவப்பு காட்டும், இல்லாவிட்டால் பச்சை. சிவப்பு வந்தால் நரம்பு டொக்டர் வீடியோவில் பார்ப்பார். தமிழ்க் கேள்விகளைப் பேசிப் பதிவு செய்யவும், எங்கள் வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சோதித்துப் பார்க்கவும் என்னைச் சேர்த்தார்கள். நான் சேர்ந்ததற்குக் காரணம் அப்பா.

அப்பா பழனியாண்டி கொழுந்து லொறி ஓட்டியவர். இந்த மலையில் அவர் ஓட்டாத ரோடு இல்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில், எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் மத்தியானம் முழுக்க நின்றிருக்கிறார். கேட்டால் கூட்டமாக இருந்தது என்று மழுப்பினார். கண்டிக்குப் போய் டொக்டரிடம் காட்டலாம் என்றேன். எனக்கென்ன பைத்தியமா என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். போனோடு பேச மட்டும் சரி என்றார்.

சோதனையில் ஒரு கேள்வி: உங்கள் கதவிலக்கம் என்ன, வீதியின் பெயர் என்ன? எங்கோ வெளிநாட்டில் கேட்டதை அப்படியே தமிழாக்கித் தந்திருந்தார்கள். இது எங்களுக்குச் சரிவராது என்று பதிவு செய்யும்போதே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். எந்த வீட்டுக்கும் கதவிலக்கம் கிடையாது, வீதியும் கிடையாது. கடிதம் வந்தால் தோட்ட ஆபிசுக்கு வரும். பக்கத்து வீட்டு சண்முகவடிவு அக்கா போனையே திட்டினார்: "இல்லாத நம்பர எங்கேருந்து சொல்றது? குடுத்தாத்தானே ஞாபகம் வச்சிருப்போம்."

செயலி அவரை மறதிக்காரி என்று சிவப்பில் போட்டது. யாருக்கு எப்போது ஒரு கரண்டி சீனி கொடுத்தோம் என்பதை இந்த ஜென்மத்தில் மறக்காத மனுஷி அவர். லயமே சிவப்பாகிவிட்டது. அப்பாவும் சிவப்பு.

அடுத்த வாரம் குழுத் தலைவர் டொக்டர் மதுரன் வீடியோவில் வந்தார். தோட்டத்துத் தரவு கெட்டுப்போய்விட்டது, அதைத் தூக்கிவிட்டு டவுன் ஆட்களோடு முடித்துக்கொள்ளலாம் என்று தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். எங்கள் தேயிலையாகத்தான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைத் தூக்கிவிட்டால் அப்பாவை எந்த டொக்டரும் பார்க்கப்போவதில்லை.

"கெட்டது எங்க தரவு இல்ல சார், உங்க கேள்வி," என்றேன். "தோட்டத்த எடுத்தா என் குரலையும் எடுத்துடுங்க. வேற ஆள வச்சு முதல்லேருந்து பேசிக்குங்க."

மதுரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அவர், முகவரி கேட்காமல் ஒருவருக்குத் தன் இடம் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

புதுக் கேள்வியை நானே எழுதி நானே பேசினேன்: உங்க வீட்டுக்குப் புதுசா ஒருத்தர் வர்றாங்க, தலவாக்கலையிலேருந்து வழி சொல்லுங்க. வீட்டில் இன்னொருவர் சொல்லும் வழியோடு ஒப்பிட்டு மதிப்பெண். திரும்பவும் வீடு வீடாகப் போனேன். சண்முகவடிவு அக்கா எந்த வளைவில் நாய் துரத்தும் என்பது வரை சொல்லிப் பச்சை வாங்கினார். லயம் முழுக்கப் பச்சை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பாவுக்கும் பச்சைதான் வரும் என்று ஒரு ஆசை வேறு வந்து ஒட்டிக்கொண்டது.

அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என் குரல் வழி கேட்டது.

"தலவாக்கலையில பஸ் ஏறி, கோயிலடியில எறங்கணும்," என்றார், லொறிக்காரத் தோரணையோடு. "எறங்கி... கோயிலடியில எறங்கி..." போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்புறம் எந்தப் பக்கம்மா?"

சோதனை நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசக் கூடாது. மேல் பக்கம் அப்பா, மேல் பக்கம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். போன் சிவப்பு காட்டியது. இந்தமுறை அது பொய் சொல்லவில்லை.

அழுதேன். ஃபெயிலா என்று கேட்டுவிட்டு அப்பா என் தலையைத் தடவினார், பரீட்சை எழுதியது நான் என்பதுபோல. முகத்தைத் துடைத்துக்கொண்டு மதுரனுக்கு அழைத்தேன். தோட்டம் முழுக்க ஒரே ஒரு சிவப்புதானே, செயலியில் ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று அவர் இழுத்தார்.

"கோளாறு இல்ல சார். எங்க அப்பா," என்றேன். "டொக்டர் எப்ப பாப்பாருன்னு கேட்டுச் சொல்லுங்க. வைக்க மாட்டேன். நான் லைன்லயேதான் இருக்கேன்."