பெருமூச்சில் ஓடிய ஊர்

மனிதகுல வரலாற்றிலேயே காற்றைத் தன் சொந்தக் கைகளால் வசப்படுத்திய முதல் ஊர் இதுதான் என்று அந்த ஊரின் நுழைவாயிலில் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்று மலையிலிருந்து வரவில்லை, கடலிலிருந்தும் வரவில்லை, சந்தைத் தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்த ஒரு தையல்காரியின் பெருமூச்சிலிருந்து வந்தது என்பதைப் பொறிக்கக் கல்லில் இடம் போதவில்லை.

காற்றாலையை நட்டது ஊர்மக்கள்தான், அதில் பொய்யில்லை. வீட்டுக்கு ஒருவர் வந்து மண் சுமந்தார்கள். இடம் பார்த்தவர் பசுமைக் குழுவின் தலைவர். தும்மினாலும் ஒரு தீர்மானம் போட்டுவிட்டுத் தும்முகிறவர் என்பதால் ஊரில் அவருக்குத் ‘தீர்மானம்’ என்றே பெயர். காற்று மேட்டில்தான் அடிக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேடு தோப்புக்கு மறைவில் இருக்கிறது, அங்கே நட்டால் மலைச்சாலையில் போகிறவர்கள் கண்ணில் படாது என்றார் தீர்மானம். பள்ளத்தில் நட்டார்கள். ஓராண்டு இறக்கைகள் இம்மியும் அசையவில்லை. காக்கைகள் கூடு கட்டின. அதைப் பறவைப் பாதுகாப்பு என்று குழு தன் சாதனைகளில் சேர்த்துக்கொண்டது.

அந்த நிலையில்தான் ஒரு நாள் மத்தியானம் தையல்காரி பள்ளிச் சீருடைக்கு வெட்டி அடுக்கிய சட்டைக் கைகளை எடுத்துப் பார்த்தாள். அத்தனையும் இடது கை. வலது கைக்குத் துணி இல்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். ஜன்னல் திரை வெளிப்பக்கமாக உப்பியது, எதிர்க்கடையின் சாக்குப்படுதா படபடத்தது, பள்ளத்தில் காற்றாலை சுற்றியது, ஊரில் விளக்கெரிந்தது. காக்கைகள் மட்டும் கோபித்துக்கொண்டு போய்விட்டன.

ஊர் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. மக்கள் பங்கேற்பு என்றால் என்ன என்று அதுவரை யாருக்கும் சரியாக விளங்கியதில்லை, இப்போது விளங்கியது. தெருவாரியாக முறை வைத்துக்கொண்டு தையல்காரியின் வீட்டுக்குப் போய் மனக்குறை சொன்னார்கள். பால்கடைக்காரி, “அக்கா, எங்க வீட்டு மனுஷன் நேத்தும் சாப்பாட்டுத் தட்டத் தூக்கி எறிஞ்சாரு” என்று தொடங்கினால் சந்தைத் தெரு முழுக்க மிக்சி ஓடும். சொந்தக் கஷ்டம் தீர்ந்தவர்கள் பக்கத்து வீட்டுக் கஷ்டத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தீர்மானமும் ஒருமுறை வந்து, தன்னலமில்லாமல் உழைப்பவனை ஊர் புரிந்துகொள்வதில்லை என்று நெடுநேரம் பேசினார். அதில் ஒரு செல்போன் பாதி சார்ஜ் ஏறியது.

தையல்காரி யாரையும் வராதே என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியாத சுபாவம். அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் மகள். மகள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அளவு கொடுக்க வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பதை நடித்துக் காட்டுவாள். அம்மா வாயில் கவ்விய ஊசியை எடுத்து வைத்துவிட்டுச் சிரிப்பாள். அந்த நேரம் ஊர் இருண்டுவிடும். குழு இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. “ஒன் பொண்ணு திறமைக்கு இந்த ஊர் பத்தாதும்மா” என்று தீர்மானம் மலைக்கு அப்பால், வெகு தொலைவில், மகளுக்கு, லீவு மட்டும் கிடைக்காத, நல்ல வேலையே வாங்கிக் கொடுத்தார். அவள் புறப்பட்டுப் போன வாரம் ஐஸ் கம்பெனி ராத்திரி பகலாக ஓடியது. மின்னழுத்தம் தாங்காமல் தெருவிளக்குகள் சில வெடித்தன.

மகளுக்கு அங்கேயே கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தது. போனில், “அம்மா, தொட்டில்ல போட்டா அழறா, தோள்ல போட்டாத்தான் தூங்கறா. நீ வந்துடேம்மா” என்றாள். தையல்காரி அன்றைக்கே பையைக் கட்டினாள்.

கட்டலாம், கிளம்புவதுதான் கஷ்டம். ஊர் எல்லைக்குள் புகை விடும் வண்டி நுழையக்கூடாது என்று குழு தீர்மானம் போட்டிருந்தது, எல்லையோ மலை உச்சியில் இருந்தது. மிஷினை மிதித்து மிதித்துத் தையல்காரியின் முட்டி இரண்டும் போய்விட்டிருந்தன. அவளால் மலை ஏற முடியாது. மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பும் குழுவின் பேட்டரிப் பேருந்து. அது காற்றாலை மின்சாரத்தில் சார்ஜ் ஏறும். முழுக்க ஏறினால்தான் மலை ஏறும், முழுக்க ஏறினால்தான் வண்டியைப் பிணைத்திருக்கும் சார்ஜ் பிளக்கின் பூட்டும் திறக்கும். அதோடு, பகிர்ந்துண்ணும் பண்பு வண்டிக்கும் வேண்டும் என்று இன்னொரு தீர்மானம்: காற்று நின்றால் பேருந்தில் ஏறிய மின்சாரம் திரும்ப ஊருக்கே போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேத்தியை இதுவரை பார்க்கவில்லையே என்று நினைத்தாள், பெருமூச்சு வந்தது, சார்ஜ் ஏறியது. ஓட்டுநர் அவள் மேல் பிரியமுள்ளவன். சார்ஜ் மீட்டரில் கடைசிக் கோட்டுக்கு முந்திய கோடு எரிந்ததும், “அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்! ராத்திரி பேத்திகிட்ட இருப்பீங்க!” என்று கத்திவிட்டான். தையல்காரியின் முகம் மலர்ந்தது. இறக்கைகள் நின்றன. வண்டியில் இருந்ததையெல்லாம் ஊர் உறிஞ்சிக்கொண்டது.

“ஏன் தம்பி சொன்னே?”

“சந்தோஷத்துல வந்துடுச்சுக்கா.”

“ஒனக்கு வரலாம். எனக்குத்தான் வரக்கூடாது.”

அடுத்த வெள்ளி அவன் துண்டைப் போட்டு மீட்டரை மூடினான், வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடைசிக் கோடு நெருங்கியதும் அவனை அறியாமலே, கிளம்பப் போகிறவன் மாதிரி, சீப்பை எடுத்துத் தலை வாரினான். அவள் பார்த்துவிட்டாள். அதற்கடுத்த வெள்ளி அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் மூச்சு வேகமாவது கேட்டது. உலகத்தில் உள்ள துக்கத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், பேத்தியின் எடை தோளில் எப்படி இருக்கும் என்கிற நினைப்பு எங்கேயோ இடுக்கு வழியாக நுழைந்துவிடும்.

ஒருமுறை அவள் பிடிவாதமாகப் பெருமூச்சே விடாமல் இருந்து பார்த்தாள். ஊர் இருண்டது, யாரும் திட்டவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் மட்டும் வாசலில் வந்து நின்றாள். “உள்ள ஒரு பொண்ணு வலியில துடிக்குதுங்க. செல்போன் வெளிச்சத்துலதான் டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு. ஒங்கள ஒண்ணும் கேக்க வரல. சும்மா சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.” அவள் திரும்பி நடப்பதற்குள் ஆஸ்பத்திரியில் விளக்கு வந்துவிட்டது. பிறந்தது பெண், நல்ல எடை.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. பேத்தி நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடம் சேர்ந்தாள், போனில், “பாட்டி, ஒங்க பஸ் ஏறிடுச்சா?” என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு வெள்ளியும் தையல்காரி பையோடு ஏறி உட்கார்ந்தாள், ஒவ்வொரு வெள்ளியும் பையோடு இறங்கினாள். ஊரார் துக்கம் சொல்லப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். தேவைப்படவில்லை. அந்தப் பேருந்தைப் போல அவளைப் பெருமூச்சு விடவைக்க வேறெதுவாலும் முடியவில்லை என்று கணக்குப் பார்த்துச் சொன்ன தீர்மானம், வண்டியைத் தினமும் கழுவ ஆள் போட்டார். வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தையல்காரியைப் பார்த்துக் கைதட்டினார்கள். சுத்தமான ஊர், புகையில்லை, சத்தமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவளும் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள், உபசாரம் தெரிந்தவள்.

வெள்ளிக்கிழமை காற்று என்று ஊரில் இப்போது சாதாரணமாகச் சொல்கிறார்கள். துணி துவைப்பவர்கள் அதற்குத் தகுந்தபடி கொடி கட்டுகிறார்கள். ஓட்டுநருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. சீப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறான். அவன் அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பேருந்தின் பின்சக்கரங்களைப் போன மழைக்காலத்தில் குழு கழற்றிக்கொண்டு போய், மறுபயன்பாட்டுப் போட்டிக்காகப் பூந்தொட்டிகளாக வெட்டிவிட்டது. வண்டி செங்கல் மேல் நிற்கிறது. போட்டியில் மூன்றாம் பரிசுதான் கிடைத்தது.