கட்டில்கால் ரப்பர்

கட்டில் சட்டத்தின் மேல் வைத்திருந்த டம்ளரைப் பலராமன் குனிந்து பார்த்தான். தண்ணீர் அசையவில்லை. அதே டம்ளரைத் தரையில் வைத்தான். நடுவிலிருந்து வட்டம் வட்டமாக எழும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டிலில் அவன் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"எறக்குடா," என்றாள் அம்மா குஞ்சம்மாள். "கட்டில்ல உயிரு போவக் கூடாது."

"ஒரு மணிக்குக் கரண்டு போவும்மா. மில்லு நின்னுடும். அப்ப எறக்கலாம்."

"எமன் ஒன் கரண்டுக்காவக் காத்துனு கெடப்பானா?"

பலராமனுக்குத் தட்டாஞ்சாவடி ரப்பர் கம்பெனியில் வேலை. வேன் எஞ்சினுக்கு அடியில் வைக்கிற ரப்பர் மவுண்டிங்கை மெஷினில் மாட்டி ஆட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் அதிர்வது உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அப்பாவுக்கு இடுப்பெலும்பில் புற்று. மில் ஓடும்போதெல்லாம் எலும்புக்குள் குத்துகிறது என்று அழுதார். கழித்துப் போட்ட நாலு ரப்பரைக் கொண்டுவந்து கட்டில் கால்களுக்கு அடியில் வைத்தான். அன்று தூங்கினார். இரண்டு மாதத்தில் மறுபடியும் வலி. ரப்பர் கெடவில்லை, ஆள் இளைத்துவிட்டார். மேலே பாரம் குறைந்தால் அதே ரப்பர் விறைத்துக்கொள்ளும், அதிர்வை மேலே விட்டுவிடும். இன்னும் மெத்தென்றதாக மாற்றினான். மூன்றாவது தடவை மாற்ற அவரைத் தரையில் கிடத்தியபோது போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அது போன செவ்வாய்க்கிழமை.

காலையிலேயே மில்காரர் தெய்வசிகாமணியிடம் கேட்டுப் பார்த்திருந்தான்.

"பதினோரு டின்னு வரிசையில நிக்குது தம்பி. நான் நிறுத்துனா அவுங்க என்னைக் கட்டில்ல போட்டுடுவாங்க."

குஞ்சம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "நான் போயி மாமன இட்டாறேன். வர்றதுக்குள்ள எறக்கி வெய்யி."

அவள் போனதும் அப்பாவின் முதுகுக்கு அடியில் கையை விட்டான். அவர் கண்ணைத் திறந்தார். அவன் கையை எடுத்துக்கொண்டான். மணி பன்னிரண்டே முக்கால். இன்னும் கால் மணி நேரம்.

ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காகக் காத்திருந்தான். வரவில்லை.

பாயை விரித்து, அவரைத் தூக்கிக் கீழே படுக்க வைத்தான். தூக்கப் பெரிய பாரமில்லை.

குஞ்சம்மாள் முதலில் உள்ளே வந்தாள். அவள் தம்பி சக்கரபாணி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன். அப்பறந்தான் போனாரு."

"கத்துனாரா?"

"இல்ல."

அவள் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் மகனைப் பார்த்தாள். பலராமன் கட்டில் காலைப் பார்த்தான்.

சக்கரபாணி உள்ளே வந்தான். "கீழ எறக்குனப்பறந்தான அக்கா?"

"கீழ வெச்சிதான் போச்சி உயிரு," என்றாள் குஞ்சம்மாள். "நான் பாத்தேன்."

வழியெல்லாம் அவளோடு நடந்து வந்தவன் அவன். துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

சற்று நேரத்தில் மில் நின்றது. கரண்டு போக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. தெய்வசிகாமணி சட்டையெல்லாம் மாவோடு வந்து நின்றார். "நாளைக்குத் தூக்குற வரிக்கும் ஓட்டமாட்டேன் தம்பி." சொன்னபடியே ஓட்டவில்லை. பிணத்தைக் கிடத்தியிருந்த தரை ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தது.

மறுநாள் சுடுகாட்டிலிருந்து பலராமன் திரும்பியபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும். கட்டிலை வெளியே நிறுத்தியிருந்தார்கள். நாலு ரப்பரும் மூலையில் கிடந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் கிளம்பியது. சொம்பில் வட்டம் விழுந்தது.

"அதுக்கு ஒண்ணு வெக்கிறியா?" என்று கேட்டாள் குஞ்சம்மாள்.

அவன் சொம்பைக் கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தான்.

"இவ்ளோ லேசுக்கு எங்ககிட்ட ரப்பர் இல்லம்மா."

அவள் நகர்ந்து வந்து, சொம்பின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.