கட்டை மேல் ஓடிய ரோபோ

1

கோபத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். நிதானமானதும் எழுதச் சொன்னார்கள் நண்பர்கள். நிதானம் வந்தால் இது நன்றியுரையாகிவிடும்.

முதல் வரி: மிச்சிகனில் இலையுதிர்காலத்தின் பொன்னிற வெளிச்சம் பள்ளி ஜிம்மின்... வேண்டாம். வெளிச்சத்துக்கு இங்கே வேலையில்லை.

2

மாணவர் ரோபோப் போட்டிக்கு அடுத்த பருவத்திலிருந்து ஒரு நிறுவனத்தின் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வருகிறது. ரோபோவின் மூளையே அதுதான். எல்லா அணிகளும் அதைத்தான் வாங்கியாக வேண்டும். முன்கூட்டியே சோதித்துப் பார்க்க எங்கள் பள்ளி அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். புரோகிராம் எழுதியவள் அனிக்கா, பதினேழு வயது. கூட உட்கார்ந்து உதவியவன் நான்.

அவள் ஒரு கோளாறு கண்டுபிடித்தாள். ரோபோ முட்டித் தள்ளும்போது பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே பெட்டி அணைந்துவிடுகிறது. திரும்ப உயிர் வர அரை நிமிடம். ஆட்டமே இரண்டரை நிமிடம்தான்! நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பினாள். "பார்க்கிறோம்" என்று பதில் வந்தது.

மற்ற அணிகளை எங்கள் பள்ளி ஜிம்முக்கு அழைத்துப் பெட்டியை அறிமுகம் செய்யும் நாளில் நிறுவனத்தின் ஆள் கிரேடி வந்தார்.

"கண்ணு, ரோபோவைக் கட்டை மேல ஏத்திடு. சக்கரம் தரையில படாம சும்மா சுத்தட்டும்."

"தரையில ஓட்டினாத்தானே சார் கோளாறு தெரியும்?"

"தெரியணும்னு இப்ப யாரு அழுதா? அடுத்த வருஷமும் நீங்க சோதனை அணியா இருக்கணுமா, வேணாமா?"

(கிரேடிக்கு ஒரு நல்ல குணம் கொடுக்கப் பார்த்தேன். பாத்திரம் தட்டையாக இருக்கக் கூடாதாம். நாய் வளர்க்கிறார் என்று எழுதினேன். நாயை நினைத்துப் பரிதாபப்பட்டு அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

சக்கரங்கள் சுழன்றன. ஜிம்மே கைதட்டியது. யார் காலிலும் ஏறிவிடக் கூடாதென்று எல்லா அணிகளுமே எப்போதும் கட்டை மேல் வைத்துத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்போம். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு வைத்திருந்த பழக்கத்தாலேயே வந்திருந்தவர்களின் கண்ணைக் கட்டிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

அப்போது வடக்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த அணியின் பயிற்சியாளர் லோர்னா கையைத் தூக்கினார்.

"ஏம்மா, எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் பழைய பேட்டரி. தள்ளுமுள்ளுல இது தாங்குமா?"

அனிக்காவின் கையில் மைக். கிரேடி சிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து...

4

முதல் முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள், அரங்கமே எழுந்து நின்று... பொய். கெட்ட செய்தி சொல்பவருக்கு எந்த அரங்கம் எழுந்து நின்றிருக்கிறது?

இரண்டாவது: நிறுவனம் தானாகவே வெட்கப்பட்டு... இதை அவர்களுடைய விளம்பரத் துறையே எழுதிக்கொள்ளட்டும்.

மூன்றாவதை, கதையைப் படித்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: இப்போதைக்குத் தாங்கும் என்று சொல்லட்டும், அப்புறமாக அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு பக்குவம்! இந்தப் பக்குவத்தை நம்பித்தானே கிரேடி கட்டையைக் கேட்டார்?

முடிவை நான் எழுத மாட்டேன். எழுதினால், அனிக்கா பார்த்துக்கொண்டாள் என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். ஒரு பள்ளிக்கூடப் பெண் தலையில் இதைக் கட்டிவிட்டுப் போக உங்களை விடுவதாக இல்லை.

மைக்கை உங்கள் பக்கம் நீட்டியிருக்கிறாள். லோர்னா கேட்டது காதில் விழுந்ததல்லவா? சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, கிரேடிக்கும் கேட்கிற மாதிரி.